இரண்டு மணிக்குத் தட்டியவர்

செம்பொற்றை வக்கீல் சங்கத்தின் நூலக அறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனால், அதைக் கண்டுபிடிக்கக் குறைந்தது மாலை ஐந்து மணியாவது ஆகும். மற்ற வக்கீல்களும் அந்த நேரத்தில் அதே கோலத்தில்தான் இருப்பார்கள் என்பதே காரணம். தலை நெஞ்சில் கவிழ்ந்திருக்கும், வாய் கொஞ்சம் திறந்திருக்கும், கறுப்புக் கோட்டு மூடியிருப்பதால் வயிறு ஏறி இறங்குகிறதா என்பதும் தெரியாது. நானும் அப்படித்தான் இருப்பேன். இருபது வருடமாக அந்தச் சங்கத்தில் உறுப்பினன்.

உயிருள்ள வக்கீலையும் இல்லாத வக்கீலையும் பிரித்தறிய எங்கள் சங்க விதிகளில் வழி ஒன்றும் சொல்லப்படவில்லை. நடைமுறையில் அந்த வேலையைச் செய்துவந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அட்வகேட் சத்தியராஜ். குளத்தூர்க்காரர், பழைய மிஷன் சபைக் குடும்பம், ஐம்பத்திரண்டு வயது. யாரையும் குரல் உயர்த்திக் கூப்பிட மாட்டார். அவர் குறுக்கு விசாரணை செய்தால் பொய்ச் சாட்சி சொல்ல வந்தவனே இரக்கப்பட்டு உண்மையைச் சொல்லிவிடுவான்.

செம்பொற்றை கேரளத்துப் பாறசாலைக்கும் மாநில எல்லைக்கும் நடுவில் கிடக்கும் ஊர். பஸ்ஸில் உறங்கிவிட்டால் தமிழ்நாட்டில்தான் விழிக்க வேண்டும். எங்கள் கோர்ட்டில் நாற்பத்து மூன்று வக்கீல்கள். வீட்டில் எல்லாரும் தமிழில் சண்டை போடுவோம், கோர்ட்டில் எல்லாரும் மலையாளத்தில் வழக்காடுவோம். கேட்டால், தமிழ் தெரியாது என்போம். அதற்கு நியாயமான காரணம் உண்டு. இந்தப் பக்கத்துப் பழைய ஆதாரங்களில், அதாவது நிலப் பத்திரங்களில், பாதியும் தமிழில் எழுதப்பட்டவை. தமிழ் தெரியும் என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னால், அன்றைக்கே பூச்சி அரித்த பத்திரக் கட்டு ஒன்று அவன் மேசைக்கு வந்துவிடும், மொழிபெயர்த்துத் தரச் சொல்லி. ஆகவே நாற்பத்தொரு பேர் தமிழ் அறியாதவர்களாகப் பதிவானோம்.

தெரியும் என்று ஒத்துக்கொண்ட அசடுகள் இரண்டே பேர். ஒருவர் ஸ்தனிஸ்லாஸ், கடற்புரத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். இன்னொருவர் சத்தியராஜ். கோர்ட்டில் இதற்கென்று ஒரு ரிஜிஸ்டர் உண்டு. அதில் மொழிபெயர்ப்பாளர் நம்பர் ஒன்று ஸ்தனிஸ்லாஸ், நம்பர் இரண்டு சத்தியராஜ். ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கு வந்தால் மற்றவர் மொழிபெயர்க்க வேண்டும் என்று விதி. இதற்கு மேல் ஒரு நிலைமை வரக்கூடும் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை.

ஸ்தனிஸ்லாஸுக்கு வீட்டிலிருந்து மீன்குழம்பும் சோறும் வரும். சாப்பிட்டு முடித்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து உறங்கிப்போவார். சரியாக இரண்டு மணிக்குச் சத்தியராஜ் வந்து அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். "அண்ணா, மணி ரெண்டாச்சு, எழும்புங்க." ஸ்தனிஸ்லாஸ் எழும்புவார். அந்தச் சத்தத்தில் நாங்களும் எழும்புவோம். இருபத்திரண்டு வருடமாக எங்கள் கோர்ட்டின் மதியவேளை நீதி இந்த இரண்டு தட்டில்தான் நடந்துவந்தது.

அன்றைக்குக் கர்க்கடக மாதத்து வியாழக்கிழமை. துப்பறியும் கதை என்றால் இந்த இடத்தில் மழை பெய்ய வேண்டும். பெய்தது. கர்க்கடகத்தில் இங்கே கொலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மழை பெய்யும்.

இரண்டு மணிக்குச் சத்தியராஜ் வந்து தட்டினார். ஸ்தனிஸ்லாஸ் எழும்பவில்லை. மறுபடி தட்டினார். மூன்றாவது தட்டில் ஸ்தனிஸ்லாஸ் ஒருபக்கமாகச் சரிந்து, தாடை மேசை விளிம்பில் இடித்து, தரையில் விழுந்தார். அவர் கையைப் பிடித்துப் பார்த்த சத்தியராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை ஏற்கனவே குளிர ஆரம்பித்திருந்தது. பகல் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில், எங்கள் நாற்பது பேர் மத்தியில், யாரையும் தொந்தரவு செய்யாமல் அந்த மனிதர் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

சங்கத்தின் பிரசிடென்ட் பார்கவன் பிள்ளை அப்போதுதான் கண் விழித்தார். கால் வைக்க வசதியாக அவர் நாற்காலிக்குக் கீழே தடித்த தீர்ப்புத் தொகுப்பு ஒன்று எப்போதும் கிடக்கும். அதிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து வந்து, பிணத்தைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரை அழைக்க ஒருவரை அனுப்பிவிட்டு, உடனே அவசரக் கூட்டம் கூட்டினார்.

கூட்டம் எதற்கு என்றால், எங்கள் பதினாலாம் விதி அப்படி. கோர்ட் நேரத்தில் இறக்கும் உறுப்பினருக்கு ஹாலில் படம் வைக்கப்படும், மூன்று நாள் கோர்ட் பகிஷ்கரிக்கப்படும். கோர்ட் நேரத்துக்கு வெளியே இறப்பவருக்கு ஒரு நிமிட மௌனம் மட்டும். ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், அது கோர்ட் நேரத்தில் சேராது. ஸ்தனிஸ்லாஸ் இடைவேளையில் இறந்திருந்தால் படமும் கிடையாது, பகிஷ்கரிப்பும் கிடையாது. எங்களில் பலருக்கு வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம் இருந்தது.

பார்கவன் பிள்ளை சத்தியராஜைப் பார்த்துக் கேட்டார். "சத்தியராஜே, நீரு தட்டும்போ உயிர் உண்டாயிருந்ததா? ஆலோசிச்சுச் சொல்லும். படம் வேணுமா வேண்டாமா?"

சத்தியராஜ் ஸ்தனிஸ்லாஸின் தலையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தார். "அண்ணனுக்கு ஒரு படம் வரணும் சாரே," என்றார். அவ்வளவுதான் சொன்னார். மரணம் பிற்பகல் 2.05 என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதப்பட்டது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் பார்கவன் பிள்ளை, வழிமொழிந்தவர் சத்தியராஜ். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது பதினேழாவது.

கோர்ட் வளாகத்தில் நடந்த திடீர் மரணம் என்பதால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மொழி, அதாவது வாக்குமூலம், கொடுக்க வேண்டும். முதலில் பார்த்தவர் என்ற முறையில் சத்தியராஜ் போனார். கூட நானும் போனேன். மொழி எழுதியவர் ரைட்டர் ஷிஜு, அம்பூரிக்காரர், தங்கமான மனுஷன்.

இருபத்தைந்து வருடம் மலையாளத்தில் வழக்காடியவர்தான் சத்தியராஜ். ஆனால் மனம் உடைந்தால் மனுஷன் வீட்டு பாஷைக்குத்தான் போவான். அவர் தமிழில் சொன்னார்: "பதிவுபோல ரெண்டு மணிக்கு நான் அண்ணனைத் தட்டினேன். அவரு கீழ விழுந்தாரு." ஷிஜுவுக்கு அது நன்றாகப் புரிந்தது. ஆனாலும் சர்க்கார் ரிக்கார்டு மலையாளத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மலையாளமாக்கி வாசித்துக் காட்டினார். "ஞான் பதிவுபோலெ ரண்டு மணிக்கு ஸ்தனிஸ்லாஸினெ தட்டி. அயாள் தாழெ வீணு. சரியல்லே சாரே?"

"சரியாக்கும் மக்கா," என்று சொல்லிச் சத்தியராஜ் கையெழுத்துப் போட்டார்.

எல்லையோரத்தில் பிறந்த எங்களுக்கு இரண்டு காது, ஒரு காதுக்கு ஒரு பாஷை. தமிழ்க்காதில் 'தட்டி' என்றால் தோளில் தட்டியது. மலையாளக்காதில் ஓர் ஆளைத் 'தட்டி' என்றால், பெரும்பாலும் அந்த ஆளின் கதையை முடித்தாயிற்று என்று அர்த்தம். அன்று மாலை சத்தியராஜுக்கு ஒரு காதுதான் திறந்திருந்தது. வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று ஆயிரம் கட்சிக்காரர்களுக்குச் சொன்ன வாய் அது. கூட நின்ற எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கும் அன்று தமிழ்க்காதுதான்.

ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் வடக்கே மலபாரிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கு ஒரு காதுதான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் மொழியை எடுத்து வாசித்தார். வழக்கம்போல் இரண்டு மணிக்கு ஸ்தனிஸ்லாஸைத் தீர்த்துக்கட்டினேன், அவர் கீழே விழுந்தார், ஒப்பு சத்தியராஜ். பிறகு சங்கத்தின் மினிட்ஸ் நகலை வாசித்தார். மரணம் 2.05. இரண்டு மணிக்குத் தட்டியிருக்கிறான், ஐந்தாவது நிமிடத்தில் ஆள் முடிந்திருக்கிறான், நாற்பது வக்கீல்கள் கையெழுத்துப் போட்டு உறுதி செய்திருக்கிறார்கள். தாடையில் காயம். காரணமும் இருந்தது: நம்பர் ஒன்று போனால் நம்பர் இரண்டு நம்பர் ஒன்று ஆகிவிடுவான். ஒரு கொலைவழக்கு துப்புத் துலங்க இவ்வளவு குறைந்த நேரம் எடுத்ததில்லை என்று அவரே பிறகு பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

ஷிஜு சும்மா இருக்கவில்லை. சார், அந்த வார்த்தைக்குத் தமிழில் வேறே அர்த்தம் உண்டு என்று சொல்லிப் பார்த்தாராம். மொழி எந்த பாஷையில் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மலையாளத்தில் என்றார் ஷிஜு. "அப்போ அர்த்தமும் மலையாளத்தில்தான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது என்பது சட்டக் கல்லூரியில் முதல் வருடம் படிப்பவனுக்கும் தெரியும். ஆனால் ஒருவனைக் கைது செய்யச் சாட்சியம் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை காலைப் பத்திரிகை போதுமானதாக இருந்தது. அதில் சகவக்கீலைத் தட்டிய வக்கீல் என்று நாலு பத்தித் தலைப்பு.

அன்று காலை பத்து மணிக்கு இரண்டாவது அவசரக் கூட்டம். சத்தியராஜ் பத்திரிகை பார்த்திருக்கவில்லை. ஒன்பது மணிக்கே வந்து இரங்கல் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். ஸ்தனிஸ்லாஸின் போட்டோவுக்கு ராத்திரியோடு ராத்திரியாகச் சட்டம் போட்டு, மழை படாமல் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை மடியில் வைத்தபடி முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு இருபக்கமும் இரண்டு நாற்காலி காலியாகவே கிடந்தது.

பார்கவன் பிள்ளை எழுந்து பேசினார். நான் கேட்ட அவருடைய பேச்சுகளில் அதுதான் தெளிவானது.

"ஒரு வக்கீலைக் கொன்னவனுக்கு வேண்டி ஒரு வக்கீலும் ஹாஜராகப்படாது. அது நம்ம அந்தஸ்து. சத்தியராஜ் கொன்னாரா இல்லையாண்ணு நாம சொல்லல்ல. அதைக் கோர்ட் தீருமானிக்கட்டு. கோர்ட்டில அவருக்கு வேண்டி ஆரும் வாய் திறக்கப்படாதுங்கத மட்டும் நாம தீருமானிப்போம். நீதி அதுக்க வழியில போவட்டு. நாம குறுக்க நிக்காண்டாம்."

இப்படித் தீர்மானம் போடுவது செல்லாது என்று மேல்கோர்ட் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. எங்கள் நூலகத்திலும் இருக்கிறது. அது எந்தத் தொகுப்பில் என்று பார்த்தேன். பார்கவன் பிள்ளை கால் வைக்கும் தொகுப்பில்.

தீர்மானம் ஏகமனதாக இருந்தால்தான் கௌரவம். உறுப்பினரை நீக்க ஏழு நாள் நோட்டீஸ் வேண்டும் என்பதால் சத்தியராஜ் அப்போதும் உறுப்பினர்தான். புத்தகம் அவரிடமும் நீட்டப்பட்டது. அவர் எங்களையெல்லாம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். ஏதோ தவறு நடந்திருக்கிறது, இப்போது யாராவது எழுந்து சொல்லிவிடுவார்கள் என்ற முகம் அது. ஒருவரும் எழவில்லை. பேனாவை வாங்கி, போட்டோவின் கண்ணாடியில் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சங்கம் சொன்னால் அவர் எதிலும் போடுவார். போலீஸ்காரர்கள் சங்கத்தின் மேல் உள்ள மரியாதையால் எங்கள் டீ முடியும்வரை வராந்தாவில் காத்திருந்து, பிறகு அவரைக் கூட்டிப் போனார்கள்.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் இருதயம் நின்றதால் மரணம் என்று இருந்தது. வேறு ஆளாக இருந்தால் அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பான். இருதயம் நின்றது சரி, நிறுத்தியது யார் என்று ரிப்போர்ட்டில் சொல்லவில்லையே என்றார் இன்ஸ்பெக்டர். உள்ளுறுப்புகளின் ரசாயனப் பரிசோதனை வந்த பிறகே முடிவான அபிப்பிராயம் என்று கடைசி வரியில் இருந்தது. அது வர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம்.

மஜிஸ்திரேட் அம்மாள் கண்ணூர்ப் பக்கத்துக்காரர், நியாயமானவர். முதல் நாள் ஆஜர்படுத்தியபோது சத்தியராஜ் சொன்னதைக் கேட்டு, அந்த ஒற்றை வார்த்தையில் ஏதோ குழப்பம் இருப்பதைப் புரிந்துகொண்டார். 'தட்டினேன்' என்ற தமிழ் வார்த்தைக்கு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பு வாங்கி, பதினாலு நாளில் தாக்கல் செய்ய உத்தரவிட்டார். அதுவரை ரிமாண்ட். எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. கோர்ட் ஆபீஸ் ரிஜிஸ்டரைப் பார்த்தது. நம்பர் இரண்டே வழக்கின் எதிரி, குற்றம் சாட்டப்பட்டவர், ஆகவே விதிப்படி நம்பர் ஒன்றுக்கு மெமோ போனது. ரிஜிஸ்டர் தபாலில், ஸ்தனிஸ்லாஸின் கடற்புரத்து விலாசத்துக்கு.

அந்தப் பதினாலு நாளும் சத்தியராஜின் மனைவி புஷ்பபாய் வக்கீல் வீடுகளாக ஏறி இறங்கினாள். அங்கன்வாடி டீச்சர். குழந்தைகள் போன பிறகு, அந்தச் சேலையோடேயே வருவாள். இலவசச் சட்ட உதவிப் பட்டியலில் உள்ளவர்களும் எங்கள் சங்கத்து உறுப்பினர்கள்தான். எல்லைக்கு அப்பால் போய்ப் பார்த்தாள். அங்குள்ள சங்கம் எங்கள் துக்கத்தில் பங்கெடுத்து அதே தீர்மானத்தைத் தமிழில் போட்டிருந்தது. கடைசியில் என் வீட்டுக்கு வந்தாள்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சாரே, நீங்க அவருக்கு வேண்டி வாதாடாண்டாம்," என்றாள். "தட்டுயதுண்ணா என்னவாக்கும்ணு கோர்ட்டில ஒரு வார்த்தை சொன்னா மதி. உங்களையும் அவரு தட்டி எழுப்பியிருக்காரு இல்லியா? உங்க வீட்டில பேசுயது தமிழாக்கும்ணு எனக்குத் தெரியாதா?"

பாக்கலாம் என்றேன். அந்த வார்த்தைக்கு இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம்தான். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். காரக்கோணம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினாலாம் நாள் கோர்ட் நிறைந்திருந்தது. சத்தியராஜ் கூண்டில் நின்றார். இளைத்திருந்தார். கைதிகளுக்கான மூலையில் நிற்காமல், வழக்கம்போல வக்கீல்கள் உட்காரும் பெஞ்சுக்கு வரப்போனதாகவும் போலீஸ்காரர் கையைப் பிடித்துத் திருப்பியதாகவும் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

ஆபீஸ் தன் அறிக்கையை வைத்தது. மொழிபெயர்ப்பாளர் நம்பர் ஒன்றுக்கு அனுப்பிய மெமோ, மேல்விலாசக்காரர் மரித்துவிட்டார் என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. தமது வேலையில் ஒருநாளும் தாமதம் செய்யாத ஸ்தனிஸ்லாஸின் பெயரில் முதல்முறையாக ஒரு பாக்கி விழுந்தது.

மஜிஸ்திரேட் அம்மாள் சத்தியராஜிடம், நீங்களும் வக்கீல்தானே, உங்களுக்காக நீங்களே சொல்லலாமே என்றார்.

"அம்மா, எனக்கு வேண்டி ஆரும் ஹாஜராகப்படாதுண்ணு சங்கத்துக்க தீர்மானம் உண்டு," என்றார் சத்தியராஜ். "நானும் ஒப்பு போட்டிருக்கேன்."

பார்கவன் பிள்ளை எழுந்து, இந்தக் கட்டுப்பாடுதான் எங்கள் சங்கத்தின் பாரம்பரியம் என்று சத்தியராஜைப் பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அரசு வக்கீல் தம் தரப்பைச் சொன்னார். பதிவுபோல, அதாவது வழக்கம்போல, என்று மொழியிலேயே இருக்கிறது. ஆக, எதிரி தினமும் இரண்டு மணிக்கு இந்தக் காரியத்தைச் செய்துவந்திருக்கிறார். இருபத்திரண்டு வருடம், விடுமுறை கழித்து ஏறக்குறைய ஐயாயிரம் முயற்சி. இவ்வளவு பொறுமையான கொலைகாரனைத் தம் அனுபவத்தில் கண்டதில்லை, வெளியே விட்டால் சமூகத்துக்கு ஆபத்து என்றார். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் கோர்ட்டில் அரசு வக்கீல் பேசும்போது சிரிக்கும் வழக்கம் இல்லை.

மஜிஸ்திரேட் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார். இங்கே இத்தனை வக்கீல்கள் இருக்கிறீர்கள். தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையா?

நாற்பத்தொரு பேர் இருந்தோம். காலையில் மனைவியிடம் சட்டை எங்கே என்று தமிழில் கத்திவிட்டு வந்த நாற்பத்தொரு பேர். எல்லாரும் தரையைப் பார்த்தோம். தலையைத் தூக்கினால் சத்தியராஜின் கண் என் மேல் இருக்கும் என்று தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. வாய் திறந்தால் தீர்மானத்தை மீறியவன் ஆவேன். அது போகட்டும், ரிஜிஸ்டரில் நம்பர் மூன்று ஆவேன். ஒரு மனிதன் ஜெயிலில் கிடப்பதற்கும் நான் பத்திரக் கட்டு சுமப்பதற்கும் நடுவில் எது பெரிது என்று அந்த அரை நிமிடம் நான் உண்மையாகவே யோசித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அப்போது பின்பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தாள். ஸ்தனிஸ்லாஸின் மனைவி அகஸ்டினா. கறுப்புச் சேலை, கையில் ஜெபமாலை.

"எனக்குத் தமிழ் அறியும் அம்மா," என்றாள். "செத்தது எனக்க மாப்பிள்ளையாக்கும். சத்தியராஜ் ஒண்ணும் செய்யல்ல. தட்டுயதுண்ணா எழுப்புயது. எனக்க மாப்பிள்ளை தட்டாம எழும்ப மாட்டாரு. கோர்ட்டில தம்பி தட்டும், வீட்டில நான் தட்டுவேன். முப்பத்திரண்டு வருஷமா நானும் டெய்லி தட்டியிருக்கேன்."

எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? பக்கத்தில் ஷிஜு குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், இன்ஸ்பெக்டர் அவர் தோளுக்கு மேலாக வாசித்துக்கொண்டிருந்தார். மலையாளத்தில்.

அகஸ்டினா ரிஜிஸ்டரில் இல்லாதவள் என்பதால் அவள் சொன்னதை மொழிபெயர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அரசு வக்கீல் ஆட்சேபித்தார். ஆனால் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள ஆட்சேபம் இல்லை என்றார். வீட்டிலும் கோர்ட்டிலுமாக இரண்டு பேர் சேர்ந்து செய்த காரியம் என்பது இப்போதுதான் வெளிப்பட்டிருக்கிறது, சதி பற்றி மேலும் விசாரிக்க அவகாசம் வேண்டும் என்றார். மஜிஸ்திரேட் அம்மாள் கட்டைத் திறந்து மொழியை மறுபடி வாசித்தார். அவர் கையில் இருந்தது ரிக்கார்டு மட்டும்தான், ரிக்கார்டு முழுவதும் மலையாளத்தில் இருந்தது. புதிய மொழிபெயர்ப்பாளர் நியமனத்துக்கு ஜில்லாக் கோர்ட்டுக்கு எழுதச் சொல்லிவிட்டு, ரிமாண்டை இன்னும் பதினாலு நாள் நீட்டினார். அகஸ்டினா மறுநாள் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் நோட்டீஸ் கொடுத்தார். அவள் அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, பக்கத்தில் நின்ற புஷ்பபாயிடம் கொடுத்தாள்.

வெளியே கொண்டுபோகும்போது சத்தியராஜ் என் பக்கத்தில் வந்தார். அவரிடம் கோபம் தெரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வேய், அண்ணனுக்க படம் ஹாலில வச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். வைத்தாயிற்று என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. ரிமாண்ட் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. ஜில்லாக் கோர்ட்டிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது: உங்கள் ரிஜிஸ்டரில் நம்பர் இரண்டு உயிரோடு இருக்கும்போது புதிய நியமனம் எதற்கு? அதற்குப் பதில் தயாராகிறது.

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு நூலகத்தில் உறங்கிப்போனேன். விழித்தபோது மணி மூன்றேகால். இப்போதெல்லாம் அப்படித்தான் ஆகிறது. ஜன்னலோர நாற்காலியைப் பார்கவன் பிள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறார், காற்று நன்றாக வரும். கால் அந்தத் தொகுப்பின் மேல் இருந்தது. தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவருடைய கேஸை இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சிப்பந்தி வந்து சொன்னான். வாசலில் நின்றுதான் சொன்னான், உள்ளே வரவில்லை.

ஒவ்வொருவராக எழுந்து அவரைச் சுற்றி நின்றோம். நாலடி தூரத்தில். சாரே என்று ஒருவர் கூப்பிட்டார். கொஞ்சம் உரக்க இன்னொருவர் கூப்பிட்டார். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தோம். வயிறு அசைகிறதா என்று குனிந்து பார்த்தவருக்குக் கோட்டுதான் தெரிந்தது. ஒருவரும் கையை நீட்டவில்லை. கை நீட்டியவன் பிறகு என்ன மொழி கொடுப்பான், எந்த பாஷையில் கொடுப்பான்?

ஒருவரைத் தட்டுவதற்குச் சங்கம் அதிகாரம் கொடுத்தால் தனிப்பட்ட பொறுப்பு வராது என்று ஒரு சீனியர் சொன்னார். நல்ல யோசனை. உடனே அவசரக் கூட்டம் கூட்டலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். விதிப் புத்தகத்தைப் பார்த்தபோது, அவசரக் கூட்டம் கூட்டப் பிரசிடென்டின் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது.

மணி நாலு ஆகிறது. திறந்த கதவு வழியே, ஹால் சுவரில் ஸ்தனிஸ்லாஸ் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மணிக்கு வந்து தட்ட எங்களுக்கு ஓர் ஆள் இருந்தார், அவரை நாங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம். நான் இரண்டு கைகளையும் கவுனுக்குள் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறேன்.